பாட்டு போடாத ஒம்பது செகண்டு

நாலு சதவீதம். நாலு நிமிஷத்துல நாலு சதவீதம், அப்படின்னா நிமிஷத்துக்கு ஒண்ணு, இப்ப பதினொன்னு நாப்பது, ஒன்னேகாலுக்கு முடிஞ்சுரும், அப்பா சாப்பிட வர்றது ஒன்றரைக்கு, பதினஞ்சு நிமிஷம் மிச்சம் இருக்கு, போதும், பதறாத. திரையில அந்தக் கோட்டப் பாக்காத. பாத்துட்டே இருந்தா நகராது, முதுகக் காட்டினா நகரும், சத்தியமா, நான் டெஸ்ட் பண்ணிப் பாத்துருக்கேன். ஆனா நிமிஷத்துக்கு ஒரு சதவீதமா, நானா, யுகேந்திரனா, ஒரு முழு டிவிடிய பதினாலு நிமிஷத்துல முடிக்கிற யுகியா? இதுல ஓடறது முழு டிஸ்க்கு கூட இல்ல, ஒரே ஒரு துண்டு. போன ஞாயித்துக்கிழமைக்கு முந்தின ஞாயித்துக்கிழமை இருபத்து மூணு டிஸ்க்கு, காலைல இட்லி சாப்பிட்டு உக்காந்தவன் சாயங்காலம் டீக்கு எந்திரிச்சப்ப இருபத்து மூணும் ஃபைலு. எல்லாரும் என்ன பண்ணுவாங்கன்னா, டிரைவ்ல டிஸ்க்கப் போட்டு அங்க இருந்தே நேரா மாத்துவாங்க, ஒண்ணுக்கு முக்கா மணி நேரம், டிரைவு கம்ப்யூட்டருக்குக் காத்திருக்கும், கம்ப்யூட்டர் டிரைவுக்குக் காத்திருக்கும், ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாத்துட்டு சும்மா கெடக்கும். நான் மொதல்ல மொத்தத்தையும் ஹார்ட் டிஸ்க்குக்கு இழுத்துருவேன், ஃபுல் ஸ்பீடு, அப்பறம் கிராஃபிக்ஸ் கார்ட வேலைக்கு விட்டுருவேன், அது மாத்திட்டு இருக்கும்போதே அடுத்த டிஸ்க்கு உள்ள போயிரும், முடிஞ்சதும் இழுத்து வச்ச காப்பிய அதுவே அழிச்சுரும், எடம் மிச்சம். நானே எழுதின ஸ்கிரிப்டு. செமையா இருந்துச்சு. அழிச்சுரும்ங்கறதுதான் அதுல எனக்கு ரொம்பப் புடிச்ச வரி. அஞ்சு. அஞ்சு ஆயிருச்சு.

சத்தத்தையும் எடுத்துட்டேன். அது எவ்வளவு நல்ல ஐடியாவா இருந்துச்சு அன்னிக்கு. எங்கூரு ஸ்டுடியோக்காரங்க எல்லாம் ஒரே மாதிரிதான, காதுகுத்து, கல்யாணம், வீடு குடி போறது, எதுவா இருந்தாலும் அங்க நடந்த சத்தத்த மொத்தமா தொடச்சு எடுத்துட்டு மேல சினிமாப் பாட்டப் போட்டுத்தான் டிஸ்க்கு குடுப்பாங்க, தாலி கட்டறதுக்கு ஒரு பாட்டு, கறி சோறு சாப்பிடறதுக்கு ஒரு பாட்டு, தாத்தா தூங்கறதுக்குக் கூட ஒரு பாட்டு. ஒருத்தர் பேசறதும் கேக்காது, வாய் மட்டும் அசையும். பாட்டு இருந்தா நெட்டுல ஏத்தினதும் காப்பிரைட்டுன்னு தூக்கிருவாங்க. அதனால ஒரே ஒரு டிக்க எடுத்துவிட்டேன், 'ஒலி'ங்கறதுல இருந்தத, அவ்வளவுதான், டிஸ்க்குக்கு ரெண்டு நிமிஷம் வேற மிச்சம். குடும்ப குரூப்புல லிங்க்கப் போட்டப்ப என்னா கைதட்டு, மாமா எல்லாம் சூப்பர்டா மாப்ளைன்னு தீ எமோஜியா விட்டாங்க. இன்னிக்குக் காலைல பத்து மணிக்கு வெள்ளக்கோவில்ல இருந்து வசுமதி சித்தி, அம்மாவோட தங்கச்சி, போன் பண்ணாங்க. ஏங்கண்ணு யுகி, படம் ஓடுது, சத்தம் வரலியே, என்ற போனுதான் கெட்டுப்போச்சா? இல்ல சித்தி, நாந்தான் எடுத்துட்டேன், வெறும் பாட்டுதான. அட பாட்டு போனா போவுது சாமி, அக்கா பேசறது? அம்மா எங்க சித்தி பேசறாங்க? உன்ற காதுகுத்துல பேசுவாளே, ஆசாரிகிட்ட என்னமோ சொல்லுவா, ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்த பாட்டு வர்றதுக்குள்ள, அந்த ஸ்டுடியோப் பையன் அந்த எடத்துல பாட்டு போட மறந்துட்டான், அவ போனப்பறம் எங்கூட்டு டிவிடி பிளேயர் கெட்டுப்போற வரைக்கும் அந்த எடத்தையேதான் போட்டுப் போட்டுக் கேட்டுட்டு இருந்தேன். என்ன சித்தி சொல்லுவாங்க? மிக்ஸிய நிறுத்தினாங்க. அப்பறம், அதான் கண்ணு நானும் நெனச்சுப் பாக்கறேன், வரமாட்டீங்குது, பதினாறு வருசம் ஆச்சே அந்த பிளேயரு போயி, நீ எடுத்து அனுப்பேன், கேட்டா ஞாபகம் வந்துரும்னாங்க. நான் சரி சித்தின்னேன். சரி சித்தின்னு சொல்லும்போதே எந்திரிச்சு வெளிய எட்டிப் பாத்துட்டேன். ஏன்னா அந்த டிஸ்க்கு பால்கனியில தொங்கிட்டு இருந்துச்சு.

புறாவுக்கு. இருபத்து மூணையும் தூண்டில் நரம்புல கட்டி நாந்தான் தொங்கவிட்டேன், மூணாவது மாடி, ஹவுசிங் போர்டு வீடு, பால்கனி பூராம் புறா எச்சம், அப்பா மூணு வருஷமா வல கட்டணும் வல கட்டணும்னுட்டு இருந்தாரு. டிஸ்க்கு தொங்கவிட்டா வெளிச்சம் அடிக்கும், புறா பயந்துரும்னு எல்லார் வீட்லயும் பண்றதுதான. மாத்தி முடிச்சாச்சு, இனி எதுக்கு டிஸ்க்கு. அப்பா கூடப் பாத்துட்டு, பரவால்லியே, என்ற கம்ப்யூட்டர் என்ஜினீயரு முதல் தடவையா வீட்டுக்கு ஒரு வேல செஞ்சிருக்கான்னு சிரிச்சாரு. பதிமூணு நாளு. கரூர் வெயிலு, மே மாசம், பதிமூணு நாளு. வீட்டுக்குள்ள வர்ற வெளிச்சம்தான் ஒரு மாதிரி, காலைல எட்டு மணிக்கு ஆரம்பிக்கும், வட்டம் வட்டமா, ஓரத்துல கலர் கலரா, செவுத்துல ஏறும், சீலிங்ல நடக்கும், அப்பா சட்ட மேல போகும், அம்மா போட்டோ மேல போயி கொஞ்ச நேரம் நிக்கும். காத்தே இல்லாதப்ப கூட அசையும். இப்பவும் அசையுது. இப்ப தொங்கறது இருபத்து ரெண்டு. ஒண்ணக் கழட்டிட்டேன்ல, ஆனாலும் எண்ணிப் பாத்தா இருபத்து மூணு வட்டம் வருது, ரெண்டு தடவ எண்ணிட்டேன், ரெண்டு தடவையும் இருபத்து மூணு, எதோ ஒண்ணு ஜன்னல் கண்ணாடியில பட்டு ரெண்டா விழுது, அதான், வேற என்ன. பதினொரு சதவீதம். இல்ல பதிமூணு. பாத்தியா, பாக்காம இருந்தா நகருது.

எத்தன டிஸ்க்கத் திருப்பிப் பாத்தேன் அது எதுன்னு கண்டுபுடிக்க. மார்க்கர்ல எழுதினதெல்லாம் வெயில்ல போயிருச்சு, 'காது' மட்டும் மிச்சம் இருந்துச்சு, 'குத்து' இல்ல. மேல எச்சம் காஞ்சு கெட்டியா. கீழ்ப்பக்கம் நூலுல ஒரசி ஒரசி அரை வட்டமா கோடு. ஊதா நிறமா இருந்தது வெளுத்துப்போயி டீ டம்ளர் கழுவின தண்ணி மாதிரி. ஒரு சொட்டு ஷாம்பு, அப்பாவோட பழைய வேட்டிக் கிழிசல், நடுவுல இருந்து வெளிப்பக்கமா நேரா தொடைக்கணும், வட்டமாத் தொடச்சா கத முடிஞ்சுது, இதெல்லாம் எனக்குத் தெரியும், இதெல்லாம் நான் அடுத்தவனுக்குச் சொல்லித் தர்றவன். தொடைக்கும்போது என் மூஞ்சி தெரிஞ்சுது அதுல. மூக்கு இருக்கற எடத்துல ஓட்டை. அதுக்கு முன்னாடி அழிஞ்ச காப்பிய மீட்டு எடுக்கறதையும் பண்ணிப் பாத்துட்டேன், ஹார்ட் டிஸ்க்கு பூராம் தேடிச்சு, அந்த எடத்து மேல அடுத்தடுத்த டிஸ்க்கு உக்காந்து, அழிஞ்சு, உக்காந்து, அழிஞ்சு, இருபது தடவ, ஒண்ணுமே இல்ல அங்க. ஆக இது ஒண்ணுதான். உலகத்துலயே இது ஒண்ணுதான். ஸ்டுடியோ இருந்த எடத்துல இப்ப பிரியாணிக் கடை. முதல்ல என் வழக்கமான ஸ்பீடுல போட்டேன், டிரைவு ஒரு தடவ அலறி நின்னுருச்சு, 'டிஸ்க் இல்லை'ன்னு சொல்லிருச்சு, டிஸ்க்க உள்ள வச்சுட்டே இல்லைன்னு சொல்லுது. அப்பறம்தான் மெதுவா படிக்கற சாஃப்ட்வேர எடுத்தேன், நான் கிண்டல் பண்ற சாஃப்ட்வேர், படிக்க முடியாத எடத்த மறுபடி, மறுபடி, மறுபடி படிக்கும், ரெண்டு தடவ ஒரே மாதிரி வந்தாத்தான் எழுதும். டிஸ்க்குல அஞ்சு துண்டு, நாப்பத்தோராவது நிமிஷம் ரெண்டாவது துண்டுல, அத மட்டும் குடுத்திருக்கேன். குக்கரு. அடுப்ப ரொம்பச் சின்னதா வச்சிருக்கேன், மெதுவாத்தான் வரும், முதல் விசில். மூணு விசில்ல அணைக்கணும், அப்பா சொல்லிட்டுப் போனாரு, நாலு விட்டீன்னா கஞ்சிதான்டா குடிக்கணும்னு. ஒண்ணு.

எந்த எடம்னு எனக்குத் தெரியும். சத்தம் இல்லாத ஃபைலு இருக்குல்ல, காலைல இருந்து அதத்தான் ஓட்டி ஓட்டிப் பாக்கறேன், திரையில இந்த ஜன்னல்ல கோடு ஓடுது, அந்த ஜன்னல்ல அது. சத்தமே இல்லாம பாத்தா சொந்தக்காரங்க எல்லாருமே பயமா இருக்காங்க, இது யாருக்கும் தெரியாது, பாட்டு இருக்கறதால தெரியல. எல்லாரும் வாயத் தொறந்து தொறந்து மூடறாங்க, கேமரா லைட்டு மூஞ்சில பட்டதும் எல்லாரும் ஒரே மாதிரி பேசறத நிறுத்திட்டு நேரா பாக்கறாங்க, என்னத்தான் பாக்கறாங்க, இவன் யாரு இங்க உக்காந்து பாக்கறதுன்னு. நாப்பது நிமிஷம் அம்பது செகண்டு, மாமா மடியில நான், ரெண்டு வயசு, மொட்டத் தல, சந்தனம். ஆசாரி கைய நீட்டறாரு. நாப்பத்தொன்னு பன்னெண்டு, கேமரா என் மூஞ்சிக்கு வந்துருது. அப்ப எடது பக்கத்துல இருந்து ஒரு கை வருது. கை மட்டும். செவப்புக் கண்ணாடி வளையல், வளையல்ல ஒரு ஊக்கு மாட்டியிருக்கு. கை என் தல மேல உக்காருது. ஒம்பது செகண்டு. அப்பறம் ஒரு பெரிய ரோஜாப்பூ சுத்திச் சுத்தி வந்து எல்லாத்தையும் மூடிருது, அந்தக் காலத்து எஃபெக்டு, பூ போனா எல்லாரும் பந்தியில உக்காந்திருக்காங்க. அந்தக் கைதான் அம்மா. மத்த டிஸ்க்குல எல்லாம் அம்மா ஓரத்துல இருக்காங்க, பாதி மூஞ்சி, முதுகு, புடவத் தலைப்பு, அடுப்படிப் பக்கம் போற மாதிரி. ஏழாவது டிஸ்க்குல இருந்து போட்டோவா வர்றாங்க. அந்தப் போட்டோவுக்கும் அந்தப் பையன் பூ கொட்ற எஃபெக்டு போட்டிருக்கான், போட்டோவ நாலாப் பிரிச்சு, நாலும் சுத்தி, மறுபடி ஒண்ணாச் சேந்து. இருபத்தெட்டு. பன்னெண்டு தாண்டிருச்சு. நல்லாத்தான் போகுது. கரண்டு மட்டும் போகக்கூடாது, யூபிஎஸ் பேட்டரி செத்து ஒரு வருஷம் ஆச்சு.

எனக்கு அந்தக் குரல் தெரியாது. இத யார்கிட்டயும் சொன்னதில்ல. அம்மாவுக்கு அஞ்சே நாள் காய்ச்சல், அதோட போயிட்டாங்க, அப்ப எனக்கு நாலு வயசு, நாலு வயசுன்னா நிறைய ஞாபகம் இருக்கணும், எனக்கு ஆஸ்பத்திரி பெஞ்சோட பச்சக் கலரு ஞாபகம் இருக்கு, யாரோ குடுத்த பிஸ்கட்டு நமுத்துப் போயிருந்தது ஞாபகம் இருக்கு, அம்மா குளிப்பாட்டும்போது காதுக்குப் பின்னாடி வெரல விட்டுத் தேய்ப்பாங்க, அது ஞாபகம் இருக்கு, அந்த வெரலுக்குச் சத்தம் இல்ல. எல்லாமே இந்த ஃபைலு மாதிரிதான். சத்தத்த நான் அப்பவே எடுத்துட்டேனோ என்னமோ. அந்த டிக்க. அப்பா பேசமாட்டாரு, அம்மா பேரச் சொன்னா அவருக்குப் பக்கத்துல எதாவது வேல வந்துரும், ஃபேனத் தொடைப்பாரு, செருப்ப அடுக்குவாரு. பத்தாவது படிக்கும்போது ஒரு தடவ கேட்டேன், அம்மா எப்படிப்பா பேசுவாங்கன்னு. எல்லாரும் பேசற மாதிரிதான்டான்னாரு. அப்பறம் ரொம்ப நேரம் கழிச்சு, கொஞ்சம் வேகமாப் பேசுவாளோ, இல்லியே, அப்படின்னு அவரே அவரக் கேட்டுக்கிட்டாரு. அன்னிக்குத்தான் பயம் வந்துச்சு எனக்கு. இவருக்கும் இல்ல. இவர்கிட்டயும் அழிஞ்சிருச்சு. ரெண்டாவது விசில். ரெண்டுதான? முதல்ல ஒண்ணு வந்துச்சு, இது ரெண்டு. நடுவுல ஒண்ணு வந்து நான் கவனிக்கலியா? இது ரெண்டுதான்.

அறுவத்தொன்னு. நின்னுருச்சு.

எதிர்பார்த்ததுதான், கணக்குப் போட்டா நாப்பத்தோராவது நிமிஷம் அங்கதான் வருது, அறுவத்தொன்னுலதான் வரும், அந்த நூலு ஒரசின கோடும் அங்கதான் இருக்கணும். இருபத்து மூணு டிஸ்க்கு, ஒவ்வொண்ணும் ரெண்டு மணி நேரம், அதுல ஒம்பது செகண்டு, கோடு அங்கதான் போகணுமா. டிரைவு சத்தம் மாறிருச்சு. இதுவரைக்கும் ஒரே மாதிரி உய்யுனு இருந்துச்சு, இப்ப வேற, முதல்ல ஒரு சின்ன டக், அப்பறம் இழுக்குது, பேசறதுக்கு முன்னாடி தொண்டையச் செருமுவாங்கல்ல, அந்த மாதிரி, க்ர், நிக்குது, மறுபடி க்ர், நிக்குது. சொல்ல வந்துட்டு, வேண்டாம்னு விட்டுட்டு, மறுபடி சொல்ல வர்ற மாதிரி. அறுவத்தொன்னு. பன்னெண்டு நாப்பது. திரையில சின்னதா எழுத்து ஓடுது, மறுபடி முயற்சி பதினேழு, மறுபடி முயற்சி பதினெட்டு. கீழ ஒரு பட்டன் இருக்கு. எப்பவுமே இருக்கும். 'படிக்க முடியாததை விட்டுவிட்டு மேலே செல்க.' அத அழுத்தினா பறக்கும், மிச்சத்த ரெண்டு நிமிஷத்துல முடிச்சுரும், அந்த எடத்துல வெறும் சத்தமில்லாத சத்தத்தப் போட்டு ரொப்பிரும். என் கை அதுக்கு மேல இருக்கு. நான் கொண்டு போகல, சத்தியமா நான் கொண்டு போகல, கை பழகிருச்சு, வாழ்க்கையில எத்தன ஆயிரம் தடவ அத அழுத்தியிருப்பேன், பாட்டுல விளம்பரம் வந்தா அழுத்து, படத்துல அழுகை வந்தா அழுத்து, சித்தி அனுப்பற வாய்ஸ் மெசேஜக் கூட ரெண்டு மடங்கு ஸ்பீடுல தான கேக்கறேன். மவுஸ எடுத்துக் கட்டில் மேல வச்சுட்டேன். எந்திரிச்சுத் தள்ளி நின்னுட்டேன். க்ர். நிக்குது.

பால்கனிக் கம்பியில ஒரு புறா. டிஸ்க்கு கழட்டின எடம், நூலு மட்டும் தொங்குது, அதுக்கு நேரா கீழ. மத்த இருபத்து ரெண்டும் அத்தன வெளிச்சம் அடிக்குது, அதுக்கு பயமே இல்ல, ஒரு பக்கத்துக் கண்ணால டிரைவப் பாக்குது. டிரைவு க்ர்னா அது தலையத் திருப்புது. டிரைவு நின்னா அதுவும் நிக்குது. போ. உஷ். போகல. செவுத்துல இருந்த வட்டம் எல்லாம் உச்சி வெயிலுக்கு சுருங்கி சீலிங்ல ஒரே எடத்துக்கு வந்துருச்சு, கூட்டமா, டிரைவுக்கு நேர் மேல, கல்யாண வீட்ல கேமராக்காரனச் சுத்தி நிப்பாங்கல்ல அப்படி. மறுபடி முயற்சி நூத்திப் பத்து. ஒவ்வொரு தடவையும் அந்த லைட்டு அந்த எடத்தத் தேய்ச்சுத் தேய்ச்சுப் பாக்குது. படிக்கப் படிக்க தேஞ்சு போகுமோ? போகாது, லேசர்தான, தொடவே தொடாது, எனக்குத் தெரியும். தெரியும்தான். ஆனா சூடு ஏறுது, கை வச்சுப் பாத்தேன், டிரைவு மேல காய்ச்சல்காரங்க நெத்தி மாதிரி. கைய எடுத்துட்டேன். சித்தி பதினாறு வருஷத்துக்கு முன்னாடி இதையேதான் போட்டுப் போட்டுக் கேட்டிருக்காங்க, வெள்ளக்கோவில்ல, பிளேயர் கெட்டுப்போற வரைக்கும். இப்ப அதே செகண்ட இது கேட்டுட்டு இருக்கு. இது இப்ப கேக்குது, இல்லியா? உள்ள. எனக்குக் கேக்காம. இந்த நிமிஷம் இந்தப் பெட்டிக்குள்ள அம்மா ஆசாரிகிட்ட எதையோ நூத்திப் பதினோராவது தடவையா ஆரம்பிக்கறாங்க, முடிக்க விடமாட்டீங்குது. சொல்லுங்கம்மா. க்ர். சொல்லுங்க. அம்மான்னு சத்தமா சொல்லிட்டேனா? புறா பறந்துருச்சு. குக்கரு. மூணு. இது மூணா நாலா? ஓடிப்போய் அணைச்சுட்டேன், கையில சுட்டுருச்சு, ஓடி வந்தேன். அறுவத்திரண்டு.

அறுவத்திரண்டு! அறுவத்து நாலு! எழுவது! பறக்குது, தாண்டிருச்சு, ஒண்ணு ஏழுக்குத் தாண்டிருச்சு, பட்டன அழுத்தாமலே தாண்டிருச்சு, மொத்தம் ரெண்டே ரெண்டு எடத்துலதான் 'முழுசா கிடைக்கல, இருந்ததை எழுதிருக்கேன்'னு குறிப்பு போட்டிருக்கு, பரவால்ல, ரெண்டே எடம். ஒண்ணு பதினெட்டுக்கு நூறு. ஹெட்போன் எங்க, ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கர். நாப்பத்தொன்னுக்கு இழுத்தேன். ஒரு பாட்டோட வாலு, வயலின் தேஞ்சு தேஞ்சு போகுது, போயிருச்சு. அப்பறம் திடுக்குன்னு ஒரு எடம் தொறக்குது. கோயில். வெளி. நிஜக் காத்து. எங்கயோ ஆடு கத்துது, யாரோ குடம் வைக்கறாங்க. நான் மூச்சு வாங்கறேன், ரெண்டு வயசு நான், அழறதுக்கு முன்னாடி இழுக்கற மூச்சு. கை வந்து தலையில உக்காருது, வளையல் சத்தம், ஊக்கு வளையல்ல படற சத்தம் கூட. அப்பறம், "மெ-மெதுவாங்ணா. ஒண்ணும் அவச-அவசரமில்லீங்ணா. மெதுவா." அவ்வளவுதான். டப்புன்னு அடுத்த பாட்டு. ரோஜாப்பூ.

எனக்கு அழுக வரும்னு நெனச்சேன். வரல. ஏன்னா எனக்கு யாருமே இல்ல அது. பஸ்ல பின் சீட்ல உக்காந்து யாரோ பேசற மாதிரி. சின்னப் பொண்ணு குரலு, என்ன விட ரெண்டு மூணு வயசுதான் கூட இருக்கும், கொஞ்சம் மூக்கால, 'ங்ணா' மட்டும் லேசா மேல தூக்கி. மறுபடி போட்டேன். மறுபடி. நாலாவது தடவ கொஞ்சம் தெரிஞ்சவங்க மாதிரி ஆச்சு. அந்த ஒம்பது செகண்ட மட்டும் வெட்டி எடுத்தேன், சித்திக்கு அனுப்பிட்டேன், வழக்கம் போல யோசிக்கவே இல்ல, கிடைச்சதும் அனுப்பறதுதான என் கை. அப்பறம் டிஸ்க்க வெளிய எடுத்து மறுபடி உள்ள போட்டுப் பாத்தேன், சும்மா, பாக்கலாமேன்னு. 'டிஸ்க் இல்லை.' மறுபடி போட்டேன். 'டிஸ்க் இல்லை.' சரி.

பெல். அப்பா. பஸ் பாடி கட்டற கம்பெனியில பெயிண்டிங் செக்ஷன், வந்ததும் வீடு பூராம் தின்னர் வாசம் அடிக்கும். நேரா பால்கனிக்குத்தான் போனாரு, கைலி காயப்போட்டிருந்தது எடுக்க. அங்க இருந்தே குரல் குடுத்தாரு. ஏன்டா, ஒண்ணக் காணோம்? புறாவே கழட்டிட்டுப் போயிருச்சா? நாந்தான்பா எடுத்தேன். எதுக்கு? மாத்தறதுக்கு. அதான் எல்லாத்தையும் மாத்தியாச்சு மாத்தியாச்சுன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சியே. அப்பா, இங்க வாங்க. சோத்தப் போடுடா முதல்ல, பசிக்குது. அப்பா, ஒரு நிமிஷம், ஒம்பதே செகண்டுதான். கைலிய தோள்ல போட்டுட்டு வந்து வாசப்படியில நின்னாரு. போட்டேன். ஆடு கத்துச்சு, வளையல், மெ-மெதுவாங்ணா. முடிஞ்சுது. அப்பா என் மூஞ்சியப் பாத்தாரு. யாருடா பேசறது? அவருக்கு ஒரு நிமிஷம் கழிச்சுத்தான் திரையில அந்தக் கை தெரிஞ்சுது, வளையலு, ஊக்கு. இன்னொருக்கா போடுன்னாரு. போட்டேன். குனிஞ்சாரு. இன்னொருக்கா. ஸ்பீக்கர் மேல காத வச்சாரு, தின்னர் வாசம், அவர் மூச்சு எனக்குக் கேட்டுச்சு. இல்லடா, அவ கொரலு இப்படி, இப்படி இருக்காதுடா, கொஞ்சம் கெட்டியா இருக்கும்னு நெனைக்கறேன். இன்னொருக்கா போடு. எத்தன தடவ போட்டேன்னு எண்ணல, இந்தத் தடவ நான் எதையும் எண்ணல. ஒரு தடவ முடிஞ்சப்ப நிமிந்து நின்னாரு. கண்ணு ரெண்டும் வேற எங்கயோ இருந்துச்சு. அவதான், அப்படின்னாரு. சுகந்தியேதான். எனக்குத்தான் மறந்தே போச்சு பாருடா, அவளுக்கு லேசாத் திக்கும்.

அம்மாவுக்குத் திக்கும்னு யாருமே சொன்னதில்ல. சித்தி சொன்னதில்ல, மாமா சொன்னதில்ல, எங்க குடும்பத்துல ஒருத்தருக்குத் திக்கல் இருந்தா அதுக்கு ஒரு பட்டப்பேரே வச்சிருப்பாங்க. அது டிஸ்க்குப்பா. நூலு ஒரசின கோடுப்பா, நான் தொங்கவிட்டேன்ல, அதுல ரெண்டு எடத்துல படிக்க முடியாம முந்தின துண்டையே மறுபடி எழுதிருக்கு, 'மெ' ஒரு எடம், 'அவச' ஒரு எடம், குறிப்புலயே இருக்கு, ரெண்டே எடம், நேரம் கூட போட்டிருக்கு, பாருங்க. இதெல்லாம் என் வாய் வரைக்கும் வந்துச்சு. அப்பா சிரிச்சுட்டு இருந்தாரு. பொண்ணு பாக்கப் போனப்ப, என்ற பேரச் சொன்னதுக்கு, செ-செல்லமுத்துங்களான்னா, நான் அன்னிக்கே அதுலதான்டா விழுந்தேன், அதப் போயி மறந்துருக்கேன் பாரு, அப்படின்னாரு. இப்பத்தான் நடந்த மாதிரி சொன்னாரு. அம்மாவப் பத்தி அப்பா வாயில இருந்து நான் கேட்ட முதல் கத. போன் அதிர்ந்துச்சு. சித்தி. திக்குமா சித்தின்னு அனுப்பறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும், அனுப்பிட்டுக் கேட்டா என்ன பிரயோஜனம், ஆனாலும் டைப் பண்ணி அனுப்பினேன், அம்மாவுக்குத் திக்குமா சித்தி? ரெண்டு நீலக் கோடு. டைப் பண்றாங்க. நிறுத்தறாங்க. டைப் பண்றாங்க. வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு, ரெண்டு மடங்கு ஸ்பீட எடுத்துட்டு சாதா ஸ்பீடுல கேட்டேன். ஆமாங்கண்ணு, எனக்கே இப்பக் கேட்டதும்தான் ஞாபகம் வருது, சின்னதுல இருந்தே அக்காவுக்கு லேசா உண்டு, நாங்கூட ஓட்டிட்டே இருப்பேன்.

ஒம்பது செகண்டு ஃபைலச் சேமிக்கப் போனேன். காதுகுத்துன்னு பேர் குடுத்தேன். இதே பேரில் ஏற்கனவே ஒன்று உள்ளது, அதன் மேல் எழுதவா, அப்படின்னு கேட்டுச்சு. எப்பவும் படிக்காமலே அழுத்தற பொட்டிதான் அது. படிச்சேன். ரெண்டாவது தடவையும் படிச்சேன். உள்ள அப்பா கை கழுவற சத்தம், தண்ணி நின்னதுக்கு அப்பறமும் அவர் வரல, வாஷ்பேசின் கண்ணாடி முன்னாடி நின்னு மெதுவா எதையோ சொல்லிப் பாக்கறாரு, முதல் தடவ சரியா வரல, அந்த 'ங்ணா'வ லேசா மேல தூக்கி மறுபடி சொல்றாரு, இப்ப சரியா வந்துருச்சு, ரொம்பச் சரியா, எங்க ரெண்டு தடவ இழுக்கணுமோ அங்க ரெண்டு தடவ இழுத்து. எனக்கு அந்தக் கதவப் பாக்க முடியல. வேற பேர் குடுத்துச் சேமிச்சேன். குறிப்பு இருந்த ஃபைலு, அந்த ரெண்டு எடம், நேரத்தோட, அத எடுத்துக் குப்பையில போட்டேன், குப்பையையும் காலி பண்ணேன். தட்ட எடுத்து வச்சேன். சோறு கொழஞ்சு போயிருந்துச்சு, நாலு விசிலு வந்துருக்கு. அப்பா உக்காந்தாரு, ஒண்ணும் சொல்லல சோத்தப் பத்தி. நான் குழம்ப அவசரமா ஊத்த, தட்டு ஓரத்துல சிந்துச்சு. அவர் என் கையப் புடிச்சாரு. சிரிச்சாரு. மேல சீலிங்ல அந்த வட்டங்க கலைஞ்சு ஒவ்வொண்ணா செவுத்துக்கு எறங்க ஆரம்பிச்சிருந்துச்சு. "மெ-மெதுவாடா," அப்படின்னாரு.

சரிங்கம்மான்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. முழுங்கிட்டு, மெதுவா ஊத்தினேன்.